எங்கே நிற்கிறோம் என்று சொல்லாத கருவி

கருவிகள் நடுநிலையானவை என்று வாதிடுவோர் நம்மிடையே பலர் உளர். கத்தி பழத்தையும் நறுக்கும், விரலையும் நறுக்கும். குற்றம் பிடித்தவன் கையிலே என்பர். கேட்பதற்கு இது நியாயம்போலத் தோன்றும். ஆயின், பிடி எது, அலகு எது என்று இருளில் தடவியறிய முடியாதவாறு ஒரு கத்தியைச் செய்து வைத்துவிட்டு, விரல் அறுந்தவனைக் 'கவனமற்றவன்' என்று ஏசுவது எந்த நியாயத்தின்பாற்படும்? இன்று கணினித் துறையில், குறிப்பாகத் தரவுத்தளங்களைக் கையாளும் கட்டளை முனையங்களில், நடப்பது இதுவே. இவ்வநியாயத்தை எடுத்துக்காட்டுவதும், அதற்குச் சப்பைக்கட்டுக் கட்டுவோரின் வாதங்களைப் பரிசீலிப்பதும், செய்யத்தக்கது யாதெனக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீட மாணவனுக்குக் கணினி முனையத்தில் என்ன அலுவல் என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு என் விடை எளியது. ஒரு கருவி மனிதனுக்கு எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாது விடலாம், எந்த மொழியில் சொல்ல வேண்டும், சொல்லாமையால் விளையும் கேட்டினை யார் சுமக்க வேண்டும் என்பன மின்சுற்றுகள் பற்றிய வினாக்கள் அல்ல. மொழியும் அதிகாரமும் உழைப்பும் சம்பந்தப்பட்ட வினாக்கள் அவை. அவற்றைப் பொறியியலாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் ஆகாது.

முனையம் என்பது யாது?

நாட்டின் வாழ்வு இன்று தரவுத்தளங்களுள் எழுதப்பட்டுக் கிடக்கின்றது. வங்கிக் கணக்கு, மருத்துவமனைக் கிளினிக் பதிவு, பரீட்சைப் பெறுபேறு, கடையின் இருப்பு, துறைமுகத்துச் சரக்கு யாவும் அட்டவணைகளாக எங்கோ ஒரு சேவையகத்தில் உள்ளன. பொதுமக்கள் அவற்றைப் படங்களும் பொத்தான்களும் கொண்ட திரைகளின் ஊடாகவே காண்பர். ஆனால் அவற்றைப் பேணும் ஊழியர்கள் பெரும்பாலும் கறுப்புத் திரையொன்றின் முன்னமர்ந்து, ஒரு வரி கட்டளை இடுவதும் ஒரு வரி விடை பெறுவதுமாகப் பணியாற்றுவர். 'போஸ்ட்கிரெஸ்' எனும் தரவுத்தளத்திற்கு அவ்வாறமைந்த முனையத்தின் பெயர் 'பீ.எஸ்.கியூ.எல்.' என்பதாகும். 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்து, 1996இல் இன்றைய பெயரைப் பெற்று, உலகெங்கும் உள்ள தன்னார்வலராலும் ஊழியராலும் பொதுச்சொத்தாகப் பேணப்படுவது அத்தரவுத்தளம். யாரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம், பகிரலாம். அதனாலேயே அதன் குறையைச் சுட்டும் உரிமையும் நமக்குண்டு.

இம்முனையத்தினுள் நுழைபவனுக்கு முதலில் தெரிய வேண்டியவை நான்கு: எந்தச் சேவையகத்தில் நிற்கிறேன், எந்தத் தரவுத்தளத்தில் நிற்கிறேன், யாருடைய பெயரில் நிற்கிறேன், என்ன அதிகாரத்துடன் நிற்கிறேன். அந்நியர் வீட்டினுள் நுழைந்தவன்கூட இவை தெரிந்த பின்னரே பேச்சைத் தொடங்குவான். முனையம் தொடக்கத்தில் அவனுக்குச் சொல்வதோ தன் பெயரும் தன் பதிப்பெண்ணும், உதவி வேண்டின் எதைத் தட்டச்சிடலாம் என்பதும், மறைகுறியாக்கம் இருப்பின் அதைப்பற்றிய ஒரு வரியுமே. எந்த வாசலில் நிற்கிறோம் என்று கேட்டவனுக்கு வாசற்காவலன் தன் வயதைச் சொல்வதுபோன்றது இது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஊழியன் ஒன்றும் குறிப்பிடாது முனையத்தை அழைத்தால், முனையம் தானாகவே ஊகித்துக்கொள்ளும். கணினியில் அவன் நுழைந்த பெயரையே பயனர் பெயராகக் கொள்ளும். அப்பயனர் பெயரையே தரவுத்தளத்தின் பெயராகவும் கொள்ளும். சேவையகம் அதே கணினியில் உள்ளதெனக் கொள்ளும். முன்னர் எவரேனும் அம்முனையத்தின் சூழலில் வேறொரு சேவையகத்தின் பெயரைப் பதித்து வைத்திருந்தால், சொல்லாமலே அங்கே சென்றுவிடும். ஊகிப்பது தவறன்று, வசதிக்காகவே ஊகிக்கின்றது. ஊகித்ததை வாய்திறந்து சொல்லாமைதான் தவறு.

பின்னர் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் அழைப்புக்குறி நிற்கும். வழக்கமான அமைப்பில் அது தரவுத்தளத்தின் பெயரை மட்டுமே காட்டும். சேவையகத்தின் பெயர் அங்கில்லை. பயனரின் பெயரும் இல்லை. வரம்பற்ற மேலதிகாரம் உள்ளவனாயின் இறுதியில் குறுக்குக்கோட்டுச் சதுரக் குறியொன்று நிற்கும். சாதாரணப் பயனராயின் கோணக்குறியொன்று நிற்கும். ஒரு நிறுவனத்தின் தரவனைத்தையும் அழிக்கவல்ல அதிகாரத்திற்கும் ஒன்றும் செய்யவியலாத நிலைக்கும் இடையே முனையம் காட்டும் வேறுபாடு அவ்வொற்றைக் குறியே.

கொழும்பு வாசகர்க்கு இதனை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் ஸ்டேஷன் வீதி உண்டு. தெஹிவளையிலும் ஸ்டேஷன் வீதி உண்டு. 'ஸ்டேஷன் வீதி' என்று மட்டும் எழுதிய கடிதத்தை எந்தத் தபால்காரர் எங்கே கொண்டு சேர்ப்பார்? ஆதலினால்தான் கொழும்பு 6 என்றும், கொட்டாஞ்சேனையாயின் கொழும்பு 13 என்றும் எழுதுகிறோம். காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்கப் பஸ்ஸின் நெற்றியில் இலக்கமும், புறப்படும் இடமும், சேரும் இடமும் எழுதியிருக்கும். ஏறிய பின்னர் நடத்துநரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று எண்ணிப் பலகையை எவரும் கழற்றிவிடவில்லை. அறிவிப்பு என்பது கேட்டவர்க்கு மட்டும் அளிக்கும் சலுகையன்று. கேட்கத் தோன்றாதவனுக்கே அது முதலில் தேவை. ஏனெனில், தான் பிழையான பஸ்ஸில் நிற்கிறோம் என்று தெரியாதவன் கேள்வியே கேட்கமாட்டான்.

சுமை யார் தலையில்?

என்னுடன் படிக்கும் மாணவி ஒருத்தி மாலை வேளைகளில் கொட்டாஞ்சேனையில் உள்ள மொத்த வியாபார நிறுவனமொன்றில் தரவுப் பதிவு வேலை செய்தாள். அந்நிறுவனத்தில் ஒரே பெயர் கொண்ட இரு தரவுத்தளங்கள் இருந்தன. ஒன்று பயிற்சிக்கானது; மற்றது உண்மையான விற்பனைச் சிட்டைகளைக் கொண்டது. இரண்டும் வெவ்வேறு சேவையகங்களில் இருந்தன. பயிற்சித் தளத்தில் குவிந்துவிட்ட போலிச் சிட்டைகளை அழித்துவிடுமாறு அவளுக்குப் பணிக்கப்பட்டது. முதல்நாள் மாலை மேற்பார்வையாளர் எதையோ சரிபார்ப்பதற்காக அதே கணினியில் உண்மைச் சேவையகத்தின் பெயரைச் சூழலில் பதித்துவிட்டுச் சென்றிருந்தார். திரையில் தெரிந்தது தரவுத்தளத்தின் பெயர் மட்டுமே. அது இரண்டுக்கும் பொதுவானது. பணித்தபடியே அவள் அழித்தாள். மூன்று நாட் சிட்டைகள் அழிந்தன. தாளில் இருந்த பிரதிகளைக் கொண்டு அவற்றை இரவிரவாக மீண்டும் பதிந்ததும் அவளே. மாத இறுதியில் சம்பளம் வெட்டப்பட்டதும் அவளுக்கே. காரணம் என்று எழுதப்பட்ட சொல் 'கவனயீனம்'.

அவள் எதைக் கவனித்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன். திரையில் இல்லாததையா? இரு தளங்களுக்கும் ஒரே பெயரிட்டவர் கவனயீனர் அல்லர். சூழலை மாற்றிவிட்டுச் சொல்லாது சென்றவரும் கவனயீனர் அல்லர். சேவையகத்தின் பெயரைக் காட்டாத கருவியைத் தெரிந்தவர்களும், இருந்தபடியே அதனைக் கையில் கொடுத்தவர்களும் கவனயீனர் அல்லர். அனைவரிலும் குறைந்த ஊதியம் பெற்றவளே கவனயீனம் உடையவளாம்! உழைப்பவன் தன் கருவியின் மீது ஆளுகை இழக்கிறான் என்று நூல்களிற் படிக்கிறோம். ஆலைப் புகையிலே தேடிய அவ்வுண்மை இன்று குளிரூட்டிய அறையிலும் கண்கூடு.

உலகம் கற்ற பாடம்

இஃது ஒரு சிறு நிறுவனத்தின் சிறு கதை என்று ஒதுக்குவோர் 2017 ஜனவரி 31ஆம் திகதி நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் 'கிட்லாப்' நிறுவனம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையே பயன்படுத்தி வந்தது. அங்கு முதன்மைச் சேவையகம் ஒன்றும், அதன் நகலைத் தாங்கும் துணைச் சேவையகம் ஒன்றும் இருந்தன. துணைச் சேவையகம் பின்தங்கிவிட்டதால், அதிலுள்ள கோப்புகளை அழித்துப் புதிதாக நகலெடுக்கப் பொறியியலாளர் ஒருவர் இரவு நேரத்தில் முயன்றார். அவர் கட்டளையிட்டது துணைச் சேவையகத்தில் என்று எண்ணியே. உண்மையில் நின்றதோ முதன்மைச் சேவையகத்தில். ஓரிரு விநாடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்தியபோது ஏறக்குறைய 300 ஜிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 ஜிகாபைட் மட்டுமே. ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் எதிர்பார்த்தவாறு கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முந்திய நகலொன்று தற்செயலாகக் கிடைத்ததால் பெரும்பகுதி மீண்டது. சுமார் 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

அக்கட்டளை தரவுத்தள முனையத்தில் இடப்பட்டதன்று, இயக்கமுறைமையின் முனையத்தில் இடப்பட்டது என்பதை நேர்மையுடன் கூறிவிடுகிறேன். ஆயினும் நோய் ஒன்றே: நிற்பவனுக்குத் தான் நிற்குமிடம் தெரியவில்லை. அந்நிறுவனம் அதன் பின்னர் செய்தது கவனிக்கத்தக்கது. அவ்வூழியரைப் பலியிடவில்லை. நடந்ததை உலகறிய எழுதி வெளியிட்டது. மீட்புப் பணியையும் ஒளிபரப்பியது. செய்ய வேண்டிய சீர்திருத்தங்கள் என்று வகுத்த பட்டியலில், ஒவ்வொரு கணினியின் அழைப்புக்குறியும் அது எந்தக் கணினி, எந்தச் சூழல் என்பதைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு மாற்றப்பட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. தண்டனையைவிடப் பெயர்ப்பலகையே பயன் தரும் என்று ஒரு வணிக நிறுவனமே கண்டுகொண்டது.

இதற்கும் பல்லாண்டுகள் முன்னதாக, 1979 மார்ச் 28இல், அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் இதே பாடம் எழுதப்பட்டது. திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வு ஒன்றினூடாக உலையைக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டறையின் விளக்கோ அணைந்திருந்தது. அவ்விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று ஊழியர் எண்ணினர். உண்மையில் அவ்விளக்கு காட்டியது வால்வுக்கு இடப்பட்ட ஆணையையே, வால்வின் நிலையையன்று. முதலில் பழி ஊழியர் மீதே விழுந்தது. பின்னர் ஆராய்ந்த கெமெனி ஆணைக்குழு, ஊழியர் பிழை செய்தனர் என்று கூறியதோடு நிற்காது, பயிற்சியிலும் நடைமுறைகளிலும் கட்டுப்பாட்டறையின் அமைப்பிலும் இருந்த குறைகளையும் சுட்டிற்று. காட்டியின் மௌனமும் பொய்யும் உயிர்க்கு ஊறு விளைவிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம் நாட்டை நோக்குவோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கணினித் தொண்டர்கள் சில வாரங்களுள் 'சஹானா' எனும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோர், முகாம்கள், உதவிப்பொருட்கள் ஆகியவற்றின் பதிவேடு அது. அத்தகைய பதிவேட்டில் ஒரு வரி என்பது ஒரு தாய் தேடும் பிள்ளையின் பெயர். 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் தரவுகள் அழிந்த விவகாரம் குற்றப் புலனாய்வு விசாரணை வரை சென்றது. 2023இல் அரசாங்க முகிற்கணினி தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் சுமார் 5,000 கணக்குகளில் இழக்கப்பட்டன. இவற்றின் காரணங்கள் வேறு. முனையத்தின் மௌனம் இவற்றுக்குக் காரணமென்று நான் கூறவில்லை. பொதுமக்களின் வாழ்வு எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதற்காகவே கூறினேன். அவ்விழையைக் கையிற் பிடித்திருப்பவனின் கண்ணைக் கட்டிவிடலாமா?

காலந்தாழ்த்தி வந்த அட்டவணை

போஸ்ட்கிரெஸ் முனையத்தில் இணைப்பு விவரத்தைக் கேட்டறிய 'கொன்இன்ஃபோ' எனும் கட்டளை 2011இல் வெளியான 9.1ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. இன்ன தரவுத்தளத்தில், இன்ன பயனராக, இன்ன சேவையகத்தில், இன்ன வாயில் எண்ணில் இணைந்துள்ளீர் என்று ஒரே வாக்கியத்தில் அது விடையளித்தது. பதினான்கு ஆண்டுகளின் பின், 2025 செப்ரெம்பர் 25இல் வெளியான 18ஆம் பதிப்பில், அவ்வாக்கியம் அட்டவணையாக விரிந்தது. தரவுத்தளம், இணைந்த பயனர், சேவையகத்தின் முகவரி, வாயில் எண் என்பவற்றுடன், கடவுச்சொல் பயன்பட்டதா, மறைகுறியாக்கம் உண்டா, சேவையகத்தில் நமக்கென இயங்கும் செயல்முறையின் எண் யாது, மேலதிகாரம் உண்டா, நிற்பது துணைநிலைச் சேவையகத்திலா என்பனவும் வரிவரியாகத் தெரிகின்றன. இறுதியாகக் கூறிய துணைநிலை வரியை மீண்டும் நோக்குக. முதன்மையா, துணையா என்று அறியாமையே 2017இல் கிட்லாப்பை வீழ்த்தியது. அவ்வறிவு இன்று ஒரு வரியாகக் கிடைக்கின்றது. இதனை உழைத்துச் சேர்த்தோரைப் பாராட்டுதல் கடன்.

பாராட்டிய வாயாலேயே இரு குறைகளையும் கூறுதல் வேண்டும். முதலாவது, இவ்வட்டவணை கேட்டவர்க்கே காட்டப்படுகின்றது. ஐயம் கொண்டவனே கேட்பான். ஐயமின்றிப் பிழையான இடத்தில் நிற்பவனுக்கு அது திறவாத பெட்டி. தொடக்க அறிவிப்பும் அழைப்புக்குறியும் பழைய நிலையிலேயே உள்ளன.

இரண்டாவது நுட்பமானது. போஸ்ட்கிரெசில் ஒருவர் ஒரு பெயரில் இணைந்து, பின்னர் 'செட் ரோல்' எனும் கட்டளையால் இன்னொருவரின் பாத்திரத்தை ஏற்கலாம். 18ஆம் பதிப்பின் அட்டவணையில் 'இணைந்த பயனர்' எனும் வரி வந்து இணைந்தவரின் பெயரைக் காட்டுகின்றது. 'மேலதிகாரம்' எனும் வரியோ இப்போது ஏற்றிருக்கும் பாத்திரத்தின் அதிகாரத்தைக் காட்டுகின்றது. ஒரே அட்டவணையில் ஒரு வரி ஒருவரைப் பற்றியும், மறு வரி இன்னொருவரைப் பற்றியும் பேசுகின்றன! இவை வழக்கமாக ஒன்றே, சிலவேளை வேறுபடலாம் என்று கைந்நூலில் குறிப்பெழுதி வைத்துள்ளனர். திரையில் நீங்க வேண்டிய ஐயத்தைக் கைந்நூலின் மூலையில் நீக்கிவைத்தல் திறீ மைல் ஐலண்டின் விளக்கை நினைவூட்டுகின்றது. நடப்புப் பாத்திரத்தின் பெயருக்கு ஒரு வரி சேர்ப்பதில் என்ன நட்டம்?

பிற தரவுத்தளங்களின் நிலை இதனினும் மேலானதன்று. ஒராக்கிளின் பழைய முனையம் மூன்றெழுத்தும் ஒரு கோணக்குறியும் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மைஎஸ்கியூஎல் தன் பெயரை மட்டுமே வரிதோறும் ஓதும். நிலைவரம் கேட்டால் மட்டுமே விவரம் தரும். அதிலே ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் உண்டு. எந்த வரிகள் என்று தக்கவாறு குறிக்காது முழு அட்டவணையையும் அழிக்கவோ மாற்றவோ முனைந்தால் மறுத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆயின் அதனை இயக்குவதற்கு அவர்கள் வைத்த இரண்டாவது பெயர், தமிழிற் சொன்னால், 'நான் ஒரு மூடன்' என்பதாகும். வேடிக்கைக்காக வைத்தனர் என்பர். மின்சார ஊழியன் இறப்பர்க் கையுறை அணியுமுன் 'நான் கோழை' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் எனின் அது வேடிக்கையாகுமா? இவ்வொரு பெயரில் ஒரு துறையின் மனப்பான்மை முழுவதும் வெளிப்பட்டு நிற்கின்றது: பாதுகாப்பு மூடருக்கு, மௌனம் அறிஞருக்கு.

எதிர்வாதங்கள்

'அனுபவசாலிக்கு இவையெல்லாம் தேவையில்லை' என்பது முதல் வாதம். கிட்லாப்பில் அன்றிரவு கட்டளையிட்டவர் கற்றுக்குட்டி அல்லர். அனுபவசாலியே ஒரே நேரத்தில் ஐந்து முனையங்களைத் திறந்து வைத்திருப்பவன், நள்ளிரவில் அழைக்கப்படுபவன், அதிக அதிகாரமும் உடையவன். அவனுக்கே அறிவிப்பு அதிகம் வேண்டும்.

'விரும்பியவர் அழைப்புக்குறியைத் தாமே மாற்றிக்கொள்ளலாமே' என்பது இரண்டாவது. உண்மையே. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் பயனர் பெயரும் சேவையகத்தின் பெயரும் வரிதோறும் தெரியும், நிறமும் ஊட்டலாம். ஆனால் அவ்வாறு மாற்றலாம் என்று அறிந்தவனுக்கு ஆபத்து இருப்பதும் முன்னரே தெரியும். அறியாதவனே அடிபடுகின்றான். மேலும், நிறுவனத்துக் கணினியில் அமைப்பைத் தொடும் உரிமை பகுதிநேர ஊழியருக்கு ஏது? பெரும்பான்மையோர் பெட்டியிலிருந்து வந்தபடியே கருவியைப் பயன்படுத்துவர். ஆகவே, வந்தபடி எப்படி இருக்கின்றது என்பதே நியாயத்தின் அளவுகோல். விரும்பினால் தேடிப் பெறலாம் என்ற உரிமையின் பெறுமதியைத் தமிழ் பேசும் மக்கள் அறியாதவர் அல்லர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் பின் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதங்களை எவரிடமாவது காட்டி வாசித்தறியலாமே என்றும் அன்று கூறினர். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று எழுதிய பின்னரும், அச்சடித்த படிவம் எந்த மொழியில் முதலில் நீட்டப்படுகின்றது என்பதிலேயே உரிமையின் உண்மை தெரிகின்றது.

'வரி நீண்டுவிடும், திரை குழம்பும்' என்பது மூன்றாவது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. சேவையகப் பெயர்கள் சில மிக நீளமானவை. ஆயின் முழுப்பெயரையும் எழுத வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. முதற்பகுதியை மட்டும் காட்டும் வசதி அம்முனையத்திலேயே முன்பே உள்ளது. தொடக்கத்தில் இரு வரி அறிவிப்பும், வரிதோறும் சுருக்கப் பெயரும் போதும்.

'பழைய வடிவத்தை நம்பி எழுதிய நிரல்கள் முறிந்துவிடும்' என்பது நான்காவது. மனிதன் அமர்ந்து உரையாடும் வேளைக்கும், நிரலொன்று தானே இயங்கும் வேளைக்கும் வேறுபாடு காணல் அரிதன்று. தொடக்க அறிவிப்பை அடக்கிவைக்கும் தெரிவும் முனையத்தில் உண்டு. மனிதனுக்குச் சொல்லட்டும், பொறிக்குச் சொல்லாது விடட்டும்.

செய்யத்தக்கன

கருவியை ஆக்குவோரிடம் நாம் கேட்பவை நான்கு. முனையம் திறந்தவுடன் சேவையகம், தரவுத்தளம், பயனர், முதன்மையா துணையா என்பவற்றைக் கேளாமலே சொல்லுக. அழைப்புக்குறி வந்தபடியே சேவையகத்தின் சுருக்கப் பெயரையும் பயனரையும் காட்டுக. மேலதிகாரத்தை ஒரு குறியால் உணர்த்தாது ஒரு சொல்லால் உணர்த்துக. இணைப்பு அட்டவணையில் இணைந்தவரையும் நடப்புப் பாத்திரத்தையும் தனித்தனி வரிகளில் எழுதுக.

நிறுவனங்களிடம் கேட்பவை மூன்று. உண்மைத் தளத்திற்கும் பயிற்சித் தளத்திற்கும் ஒரே பெயர் இடாதீர். பயிற்சிக்கு வந்தவர் கையில் அழிக்கும் அதிகாரத்தைத் திணிக்காதீர். பிழை நேர்ந்தவிடத்துத் திரையில் என்ன தெரிந்தது என்று முதலில் கேளுங்கள். யார் அமர்ந்திருந்தார் என்று பின்னர் கேளுங்கள்.

எம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. இம்முனையத்தின் செய்திகள் ஜேர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், உக்ரேனியம் ஆகிய மொழிகளில் உள்ளன. தமிழைவிட மிகக் குறைந்த தொகையினர் பேசும் ஜோர்ஜிய மொழியிலும் உள்ளன. தமிழில் இல்லை. எவரும் தடுத்ததால் இல்லாமற் போகவில்லை. செய்தியைப் பெயர்த்துக் கொடுப்பதற்குத் திறந்தே கிடக்கின்றது வாயில். நாம் செய்யவில்லை, அவ்வளவே. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. பௌதிகமும் இரசாயனமும் தாவரவியலும் தமிழிற் கற்பிக்கப்பட்டமைக்கு அவை துணைநின்றன. அம்மரபின் வாரிசுகள் என்று மேடையில் முழங்கும் நாம், 'நீர் இன்ன சேவையகத்தில் இன்னாராக இணைந்துள்ளீர்' என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கித் தரவில்லை. தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றங்களோடும் கலைவிழாக்களோடும் அமைந்துவிடலாகாது. கணினி கற்கும் விஞ்ஞானபீடத்தாரும் மொழி கற்கும் கலைப்பீடத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்தால், ஒரு விடுமுறைக் காலத்துள் தொடங்கிவிடக்கூடிய பணி இது. கலைச்சொல் எதுவென்று அவர்கள் பொருள் கூறட்டும். நாம் சொல் கூறுவோம்.

கருவிகளைச் செய்வோர் பேரறிஞராயிருக்கலாம். அவற்றை நாளெல்லாம் பயன்படுத்துவோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடியறைகளில் கண்விழித்திருக்கும் சாதாரண மனிதர். அவர்கள் கேட்பது சலுகையன்று. கட்டளையிடுமுன் தாம் நிற்குமிடத்தை அறியும் உரிமை. அதனை மறுக்கும் கருவி எத்துணை வலியதாயினும் குறையுடையதே. அக்குறையைச் சுட்டுவது பொறியியலாளரின் வேலை என்று ஒதுங்கி நிற்போமாயின், அடுத்த முறை 'கவனயீனம்' என்ற சொல்லின் கீழ் நமது பெயரே எழுதப்படும்.